கிழக்கு ஜாவா: எரிமலை, அருவி, சாப்பாடு. பாட்டி, பிள்ளைகளோடு 6 நாளில் முடியுமா?

ஈசூன்_குடும்பஸ்தன் | ஏப்ரல் 12, இரவு 9.40

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் கிழக்கு ஜாவா போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, மகள் (தொடக்கநிலை 5), மகன் (தொடக்கநிலை 2), ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா (71). வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. அம்மா முழுச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்.

சுராபாயாவில் இறங்கி, வண்டி எடுத்து, புரோமோ எரிமலை, தும்பாக் செவு அருவி, இஜென் எரிமலை மூன்றையும் பார்த்துவிட்டு சுராபாயாவுக்கே திரும்புவது திட்டம். 6 நாள், 5 இரவு. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரிகிறது. மகனுக்கு இப்போது எரிமலைப் பித்து. நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று எப்போது வெடிக்கும் என்று தினமும் கேட்கிறான். போய்வந்தவர்கள் சொல்லுங்கள், இது ஆகிற காரியமா?

காப்பிஓ_கோசோங் | ஏப்ரல் 12, இரவு 10.15

ஆகும் தம்பி. ஆனால் திரும்பி வரும்போது சாங்கி விமான நிலையத்தில் ஆளுக்கொரு டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும்.

2019-இல் இதே மூன்றையும் 5 நாளில் அடுக்கியவன் நான். வரைபடம் கிலோமீட்டரைக் காட்டும், வளைவைக் காட்டாது. சுராபாயாவிலிருந்து புரோபோலிங்கோ வரை விரைவுச்சாலை, கவலையே இல்லை. அதற்கப்புறம் புரோமோ விளிம்பில் இருக்கும் செமோரோ லாவாங் ஊர் வரை நாற்பது சொச்சம் கிலோமீட்டர் ஏற்றம். ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்குப் போகிறீர்கள். அங்கிருந்து தும்பாக் செவு 4 மணி நேரம். தும்பாக் செவுவிலிருந்து இஜென் 6, 7 மணி நேரம். இஜெனிலிருந்து சுராபாயா திரும்ப இன்னொரு பகல் முழுக்க.

இதைவிட மோசம் தூக்கம். புரோமோவில் சூரிய உதயம் பார்க்க 3 மணிக்கு எழ வேண்டும். இஜெனில் நீல நெருப்பு பார்க்க நள்ளிரவிலேயே கிளம்ப வேண்டும். நான்காவது நாள் என் மனைவி வண்டியில் ஏறியதும் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஒரு மலையை விட்டுவிடுங்கள். எதை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேகத்தடை | ஏப்ரல் 12, இரவு 11.02

வண்டியை நீங்களே ஓட்டினால் நேரம் மிச்சம். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான். நான் மலேசியாவில் மலாக்கா, கேமரன் மலை எல்லாம் ஓட்டியிருக்கிறேன். பெரிய விஷயமே இல்லை.

காப்பிஓ_கோசோங் | ஏப்ரல் 12, இரவு 11.20

கேமரன் மலையில் எதிரே வருகிறவன் அவன் பாதியில் வருவான் அண்ணே. தும்பாக் செவு இருக்கும் லுமாஜாங் பக்கம் மணல் லாரிகள் வரிசையாக வரும், அவற்றை முந்த மோட்டார் சைக்கிள் வரும், அதில் மூன்று பேர் இருப்பார்கள். செமேரு எரிமலை கக்குகிற மணலை அள்ளுவதுதான் அந்த வட்டாரத்துப் பெரிய தொழில். அதோடு, புரோமோவின் மணல்வெளிக்குள் சொந்த வண்டியை விடமாட்டார்கள், உள்ளூர் ஜீப்பில்தான் போயாக வேண்டும். பிறகு எதற்கு வாடகை வண்டியைக் கொண்டுபோய் மேலே நிறுத்திவைப்பது? ஓட்டுநரோடு வண்டி எடுத்தால் நீங்களும் சன்னலைப் பார்க்கலாம்.

கல்லும்_மண்ணும் | ஏப்ரல் 13, காலை 7.55

முதலில் தம்பி மகனுக்குப் பதில். புக்கிட் தீமா வெடிக்காது. 164 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்று எரிமலையே அல்ல. பூமிக்கடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியே வராமல், உள்ளேயே மெல்ல ஆறி இறுகிய கருங்கல். 20 கோடி ஆண்டுக்கும் மேலாகிறது. மேலிருந்த மண்ணெல்லாம் கரைந்துபோய் இப்போது தலை தெரிகிறது. டெய்ரி ஃபார்ம் பக்கம் பழைய கல்குவாரிச் சுவரைக் காட்டுங்கள், தொட்டே பார்க்கலாம்.

அடுத்து, நீங்கள் போகிற இடம். 'புரோமோ' என்று எல்லோரும் படம் எடுத்துப் போடுவது ஒரு மலை இல்லை. பழைய பெரிய எரிமலை ஒன்று உள்ளே சரிந்து, பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கிண்ணம் உண்டாகிவிட்டது. அதன் தரைதான் மணல்வெளி. அந்தக் கிண்ணத்துக்குள் பிறகு முளைத்த சின்ன எரிமலைகளில் ஒன்றுதான் புரோமோ, 2,329 மீட்டர். படங்களில் மடிப்பு மடிப்பாக, பாவாடை விரித்தது போல அழகாக இருப்பது பக்கத்து மலை பாத்தோக். அதையே புரோமோ என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். பின்னால் தூரத்தில் புகை விடுகிறது செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவிலேயே உயரம்.

செமேருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மழை பெய்தால் அதன் சரிவில் கிடக்கும் சாம்பலும் மணலும் சேறாகி ஆற்று வழியே பாய்ந்து வரும். அதற்கு உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் சொல்லும் பெயர் 'லாஹார்', அது ஜாவா மொழிச் சொல்லே. 2021 டிசம்பர் 4 வெடிப்பில் லுமாஜாங் பக்கம் ஊர்களே புதைந்தன, தும்பாக் செவு போகும் சாலையில் இருந்த பாலம் போய்விட்டது. பிறகு புதுப் பாலம் கட்டினார்கள். ஜூன் மாதம் மழையில்லாக் காலம், நல்ல தேர்வு. டிசம்பர் விடுமுறையில் அங்கே போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன்.

பொங்கோல்_அக்கா | ஏப்ரல் 13, காலை 9.30

தம்பி, அம்மா ஊரிலிருந்து வந்திருப்பதால் இந்தியக் கடப்பிதழ்தானே? நமக்குத்தான் விசா வேண்டாம். அவருக்கு இந்தோனீசிய வருகை விசா எடுக்க வேண்டும், 5 லட்சம் ரூப்பியா. லட்சம் என்றதும் பயப்படாதீர்கள், ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 12,000-க்கு மேல் கிடைக்கும். இணையத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள், வரிசையில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று, கசாடா. புரோமோவைச் சுற்றியிருக்கும் தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். அவர்கள் நாள்காட்டியில் கசாடா மாதம் 14-ஆம் இரவு, அரிசி, காய்கறி, கோழி, ஆடு, பணம் என்று கொண்டுபோய் எரிமலை வாய்க்குள் போடுவார்கள். கதை உங்களுக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும்: பிள்ளையில்லாத அரச தம்பதி வேண்டிக்கொள்ள, 25 பிள்ளை பிறக்க, கடைசிப் பிள்ளையை மலை கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், வாயின் உட்சரிவில் வலையோடு கொஞ்சப் பேர் நிற்பார்கள். மேலே இருந்து இவன் போட, கீழே அவன் பிடிப்பான். யாருக்கும் அதில் கோபம் கிடையாது. அந்த நாள் பெரும்பாலும் ஜூனிலோ ஜூலையிலோ வரும். அந்தச் சமயம் சுற்றுலாப் பயணிகளுக்கு மலையை மூடிவிடக்கூடும், தேதியைப் பார்த்துக்கொண்டு சீட்டு எடுங்கள்.

சைவப்பூனை | ஏப்ரல் 13, பிற்பகல் 1.10

சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மாவை நினைத்தால்தான் கவலை.

ஜாவாவில் சோயாவில் செய்த தெம்பே, தாஹு தெருவுக்குத் தெரு கிடைக்கும் என்பதால் சைவத்துக்குச் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். நம் பெலாச்சானை (இறால் விழுது) அங்கே 'தெராசி' என்பார்கள். சம்பாலில் அது இருக்கும், காய்கறியிலும் இருக்கும், கேட்டால் 'இது சைவம்தான்' என்பார்கள், மனதாரத்தான் சொல்வார்கள். அதனால் 'சைவம்' என்று சொல்லாமல் 'தன்பா தெராசி, தன்பா தெலூர், தன்பா டாகிங்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: தெராசி இல்லாமல், முட்டை இல்லாமல், இறைச்சி இல்லாமல். கோழிக்கு 'ஆயாம்' தனியாகச் சொல்ல வேண்டும். டாகிங் என்றால் அவர்கள் மாடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கைகொடுப்பது பெச்செல். அவித்த கீரை, பயற்றங்காய், முளைப்பயறு, மேலே கச்சான் (நிலக்கடலை) குழம்பு. ஊராப் என்று ஒன்று, தேங்காய்த் துருவல் போட்ட காய்கறி, கிட்டத்தட்ட நம் பொரியல். இரண்டிலும் தெராசி கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

மற்ற நால்வருக்கும் எச்சரிக்கை: ரவோன், பக்சோ, ருஜாக் சிங்ஙுர் மூன்றும் மாடு. 'ருஜாக்' என்றதும் காய், பழம் கலந்த நம் ரோஜாக் என்று நினைத்து வாயில் போட்டுவிடாதீர்கள், சிங்ஙுர் என்றால் மாட்டின் மூக்கு.

காப்பிஓ_கோசோங் | ஏப்ரல் 13, பிற்பகல் 1.45

பூனையக்கா ரவோனை ஒரே வரியில் தள்ளிவிட்டார். என் மனது கேட்கவில்லை.

மாடு சாப்பிடுகிறவர்கள் படியுங்கள். மைபோலக் கறுத்த சூப் அது. கறுப்புக்குக் காரணம் கெலுவாக் கொட்டை, நம் ஊர் பெரானாக்கான் (சீன-மலாய்க் கலப்பு) சமையலில் கோழியோடு போடுகிற அதே புவா கெலுவாக். பச்சையாகத் தின்றால் சயனைடு விஷம். வேகவைத்து, சாம்பலில் வாரக்கணக்கில் புதைத்துவைத்தால் விஷம் போய் உள்ளே கறுப்பு விழுது மட்டும் நிற்கும். சாம்பல் கொட்டுகிற நாட்டுக்காரனுக்குத்தான் இந்த யோசனை வரும் என்று நான் நினைத்துக்கொள்வேன், ஆதாரம் கேட்காதீர்கள். காலை 7 மணிக்கு, குளிரில், அந்தச் சூப்போடு சோறும் உப்பு முட்டையும் முளைவிட்ட பயறும்... சரி, நிறுத்துகிறேன்.

தம்பி குடும்பத்துக்கு லாமோங்கான் சோத்தோ ஆயாம். மஞ்சள் கோழிச் சூப். மேலே 'கோயா' என்று ஒரு பொடி தருவார்கள், இறால் அப்பளத்தையும் பூண்டையும் பொரித்து அரைத்தது. கொஞ்சமாகப் போடாதீர்கள். இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினால் சூப் கெட்டியாகும், அப்போதுதான் அது சோத்தோ.

ஈசூன்_குடும்பஸ்தன் | ஏப்ரல் 13, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மகனுக்கு அவ்வப்போது இழுப்பு வரும், பம்ப் கையிலேயே இருக்கும். ஆனாலும் நீல நெருப்பு பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிறான். முகமூடி போட்டுக் கூட்டிப்போகலாம்தானே?

கல்லும்_மண்ணும் | ஏப்ரல் 13, இரவு 9.05

வேண்டாம்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். அந்த நீல நெருப்பு எரிமலைக் குழம்பு இல்லை, பாறை வெடிப்பிலிருந்து சூடாக வெளியேறும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் பற்றி எரிவது. அதாவது நெருப்பு பார்க்க நிற்கிற இடமே வாயு வருகிற இடம். கீழே உள்ள ஏரியின் பிஎச் அளவு 0.5-க்கும் கீழே, கார் பேட்டரி அமிலம் மாதிரி. காற்று திரும்பினால் பெரியவர்களே இருமிக்கொண்டு ஓடுவார்கள். 2018 மார்ச்சில் வாயு திடீரென்று பொங்கி, அடிவாரத்து ஊர்க்காரர்களே மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்குள் 70, 80 கிலோ கந்தகக் கட்டியைத் தோளில் சுமந்து ஏறுகிற தொழிலாளர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பிழைப்பு. இழுப்பு உள்ள 8 வயதுப் பையனுக்கு அங்கே வேலையில்லை.

வேகத்தடை | ஏப்ரல் 13, இரவு 9.30

அண்ணன் ரொம்பப் பயமுறுத்துகிறார். பிள்ளைகளை ஏற்றிப்போகத் தள்ளுவண்டி எல்லாம் இருக்கிறது, நானே பார்த்தேன்.

கல்லும்_மண்ணும் | ஏப்ரல் 13, இரவு 9.34

தள்ளுவண்டி காலுக்குத்தான். நுரையீரலுக்குத் தள்ளுவண்டி கிடையாது.

பொங்கோல்_அக்கா | ஏப்ரல் 13, இரவு 10.00

இஜெனை விட்டால் இரண்டு நாள் மிச்சம். தும்பாக் செவுவிலிருந்து மேற்கே திரும்பி மாலாங் போங்கள். வழியும் சுலபம், ஊரும் குளிர்ச்சி. மாலாங்கிலிருந்து சுராபாயா வரும் வழியில் சிங்கோசாரி. ராஜா காலத்துக் கோயில், 13-ஆம் நூற்றாண்டு. அங்கிருந்த துர்க்கை, பிள்ளையார் சிலைகளையெல்லாம் டச்சுக்காரர்கள் எடுத்துப்போய், 2023-இலும் 2024-இலும்தான் இந்தோனீசியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், அவை இப்போது ஜகார்த்தாவில். ஆனால் ஒரே ஒரு சிலை இடத்தைவிட்டு நகரவே இல்லை. யார் என்று சொல்லமாட்டேன். அம்மாவை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

எரிமலைக் காப்பீடு பற்றி யாரும் சொல்லவில்லையே? பயணக் காப்பீட்டைச் சீட்டு எடுத்த அன்றே எடுத்துவிடுங்கள். மலை வெடித்துச் செய்தி வந்தபின் எடுத்தால் பொதுவாக அந்த வெடிப்புக்குச் செல்லாது. 2014 பிப்ரவரியில் கெலுட் எரிமலை வெடித்தபோது சுராபாயா விமான நிலையமே மூடிக்கிடந்தது.

ஈசூன்_குடும்பஸ்தன் | ஜூன் 24, இரவு 10.25

போய்வந்தாயிற்று! ஒரே டாக்சியில்தான் வீடு வந்தோம், காப்பிஓ அண்ணே.

இஜென் இல்லை. மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், புரோமோவைப் பார்த்ததும் மறந்துவிட்டான். 3 மணிக்கு எழவில்லை. அம்மாவைக் கம்பளியில் சுற்றி, தங்கியிருந்த இடத்துக்கு வெளியே கிண்ணத்தின் விளிம்பிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஐந்தரைக்கு வெளிச்சம் வந்தது. கீழே மணல்வெளி முழுக்கப் பாலை ஊற்றியது போலப் பனி, அதில் ஜீப் விளக்குகள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. அம்மா கேட்ட முதல் கேள்வி: "இத்தனை பேரும் இந்நேரத்துக்கு எங்கேடா போறாங்க?" வெயில் ஏறியதும் நாங்களும் ஜீப்பில் இறங்கினோம். எரிமலை வாய்க்குப் படிக்கட்டு இருக்கிறது. மகன் எண்ணி 247 என்றான், மகள் 251 என்றாள், இன்னும் தீரவில்லை. மேலே கந்தக நெடி கொஞ்சம்தான், பம்பை வெளியே எடுக்கவேண்டி வரவில்லை. ஆனால் சத்தம்! உள்ளே யாரோ பெரிய அடுப்பை ஊதிக்கொண்டே இருப்பது மாதிரி ஓயாத இரைச்சல். மகன் பூங்கொத்து வாங்கி உள்ளே வீசினான். வலைக்காரர் யாரும் இல்லை, பார்த்துவிட்டேன். அம்மா கீழே, பூட்டியிருந்த தெங்கர் கோயில் வாசலில் இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தார்.

தும்பாக் செவுவைப் பற்றி என்ன எழுத? நூற்றிருபது மீட்டர். ஒரு அருவி என்று சொல்ல முடியாது. அரைவட்டப் பாறைச் சுவர் முழுக்க நூறு இடத்தில் நூல் நூலாக இறங்குகிறது. பெயருக்கே ஆயிரம் அருவி என்றுதான் பொருளாம். மேலே காட்சி மேடை வரை அம்மாவே நடந்து வந்துவிட்டார். பின்னால் செமேரு சின்னதாக ஒரு புகை விட்டது. "மேருவா? நம்ம மேருவா?" என்று கேட்டார். ஜாவாத் தீவு ஆடாமல் இருக்க தேவர்கள் இந்தியாவிலிருந்து மேருவைப் பெயர்த்துவந்து நட்டார்கள் என்று கதை இருப்பதாக ஓட்டுநர் சொன்னார். மகன் அருவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு கேட்டான்: "அப்பா, இதை எத்தனை மணிக்கு அணைப்பாங்க?" சாங்கி விமான நிலையத்து ஜுவல் கட்டடத்தின் செயற்கை அருவியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, என்ன செய்ய.

நானும் மகளும் மட்டும் கீழே இறங்கினோம். இறங்கும்போதுதான் என் கதை. ஆறு வருடமாக வீட்டு வாசல் அலமாரியில் கிடந்த மலையேற்றக் காலணி, பார்க்கப் புதுசு போல இருந்தது. பாதி ஏணியில் வலது அடிப்பாகம் வாய் பிளந்தது. பத்தடி போவதற்குள் இடதும். பிய்ந்த இடத்தைத் தொட்டால் பழைய ரொட்டி மாதிரி உதிர்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அடிப்பாகம் தானாகவே மக்கிவிடுமாம், போட்டாலும் போடாவிட்டாலும். மகளின் தலைமுடி ரப்பரால் இரண்டையும் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நடந்தேன். போகிறவர்கள் காலணியை ஒரு வாரம் முன்பே போட்டு வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

ஒரு குறை: மலையில் நாங்கள் தங்கிய இடத்தில் வெந்நீர் என்று எழுதியிருந்தார்கள், வந்தது ஐஸ் தண்ணீர். பெயர் வேண்டாம், பையன் வாளியில் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தான்.

அக்கா, சிங்கோசாரி. கோயிலுக்குள் எல்லா மாடமும் காலி. தெற்குப் பக்கத்தில் மட்டும் ஒருவர் நிற்கிறார், தொந்தி, தாடி. காவலாளி 'அகஸ்த்யா' என்றார். அம்மாவுக்கு முதலில் காதில் விழவில்லை. "அகத்தியர்மா" என்றேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். பொதிகைமலை அடிவாரத்தில் பிறந்தவர் அவர். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காவலாளியிடம் திரும்பி, தமிழிலேயே, "இவர் எங்க ஊர்க்காரர்" என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சிரித்துவிட்டு, உள்ளே இருந்த காய்ந்த பூவை எடுத்துவிட்டு இடம் விட்டார்.

சைவப்பூனை | ஜூன் 24, இரவு 10.50

படிக்கவே நிறைவாக இருந்தது. அம்மா சாப்பாடு என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே.

ஈசூன்_குடும்பஸ்தன் | ஜூன் 24, இரவு 11.05

இரண்டு நாள் கையில் கொண்டுபோன புளியோதரை. மூன்றாம் நாள் தீர்ந்தது. லுமாஜாங்கில் முழங்கை நீளத்துக்கு வாழைப்பழம் விற்றார்கள், அதில் ஒரு வேளை ஓடியது. அப்புறம் வேறு வழியில்லாமல் பெச்செல். நீங்கள் சொன்ன மூன்று 'தன்பா'வையும் மனைவி தாளில் எழுதி வைத்திருந்தார், கடைக்காரம்மா வாசித்துப் பார்த்து, குழம்பைத் தனியாக எங்கள் முன்னாலேயே அரைத்துக் கொடுத்தார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "இதென்ன, குளியல் பொடி வாசம் வருதே?" என்றார். கெஞ்சூர் என்று ஒரு கிழங்காம். தயங்கித் தயங்கி ஒரு வாய். மாலாங்கில் மூன்று வேளையும் அதுதான்.

இப்போது பிரச்சினை வேறு. வீட்டில் செய்து பார்க்க வேண்டுமாம். நேற்று தேக்கா சந்தை முழுக்க என்னை நடக்கவைத்தார். கெஞ்சூர் என்று கேட்டால் எல்லோரும் இஞ்சியைத்தான் காட்டுகிறார்கள்.

சைவப்பூனை | ஜூன் 24, இரவு 11.12

கேலாங் சிராய் சந்தைக்குப் போங்கள். அங்கே 'செக்கூர்' என்று கேட்க வேண்டும், மலாயில் அதுதான் பெயர். காலையிலேயே போங்கள்.

வேகத்தடை | ஜூன் 24, இரவு 11.40

இந்த இழையைப் படித்துவிட்டு இப்போதுதான் என் காலணியை எடுத்து வளைத்துப் பார்த்தேன். இரண்டும் போச்சு.